கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு யப்பானியத் துயரம்

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியாதவனுடைய கதை எதையும் நம்பக்கூடாது. இது என்னுடைய நெடுநாள் கொள்கை. குடும்ப விருந்துகளில் யாராவது, "நாங்கள் கார் வாங்கின பிறகுதானே சின்னவள் பிறந்தவள்" என்று ஆரம்பித்தால், நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை, பிள்ளை முதல், கார் பிறகு" என்று திருத்துவேன். திருத்திய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இதனால் சிலர் என்னை விருந்துக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். (யார் எப்போது நிறுத்தினார்கள் என்பதும் எனக்கு வரிசையாகத் தெரியும்.)

அப்படிப்பட்ட நான் ஒரு முழுப் புத்தகத்தையும் பின்னிருந்து முன்னாக வாசித்து, அதைப் பற்றி ஊரைக் கூட்டி உரையாற்றி, எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த தாயைத் தேம்பித் தேம்பி அழவைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. போருக்கு அஞ்சி யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டு எழுந்து நடந்ததே, அதற்கு அடுத்த பனிக்காலத்தின் முடிவு. நான் ரொறன்ரோப் பக்கம் வோபர்னில், ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்ற்றில் குடியிருந்தேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலில் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ரூஜ் பகுதியிலிருந்த என் அக்கா 'ஹோட்டல் மனேஜ்மென்ற்' என்று சொல்லிவைத்திருந்தாள். குளியலறைத் துவாய் மடிப்பதும் ஒருவகையில் நிர்வாகம்தான்.

வேலைக்கு நௌசாத்தின் பழைய காரில் போய்வருவேன். அவன் அதே பக்கத்தில் ஒரு எஞ்சினியரிங் கொம்பனியில் வரைபடம் கீறினான். அவனும் யாழ்ப்பாணம்தான், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெரு. எங்கள் ஆட்கள் ஊரை விட்டு நடப்பதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே அவனுடைய ஆட்களை இயக்கக்காரர் அங்கிருந்து போகச் சொல்லிவிட்டார்கள். காரில் அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. இலக்கியம் கதைத்தோம். அவன் என்னைவிட நன்றாக வாசித்தவன். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

ஹோட்டலில் விருந்தினர் மறந்து விட்டுப்போகும் பொருட்களுக்கு ஒரு அலுமாரி இருந்தது. நெடுநாளாக யாரும் தேடி வராவிட்டால் வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் குடை எடுத்தார்கள், கையுறை எடுத்தார்கள். நான் ஒரு யப்பானியப் படக்கதைப் புத்தகத்தை எடுத்தேன். இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மங்கா என்று சொல்வார்கள். அன்று எனக்கு அந்தச் சொல் தெரியாது. யப்பானிய நாவல்கள் சில வாசித்திருந்தேன், எல்லாம் மொழிபெயர்ப்பில், இடமிருந்து வலமாக.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஊரில் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பிறவுண் பேப்பரில் உறை போட்டேன். முன்னட்டை எது, பின்னட்டை எது என்று காட்டக்கூடிய ஒரே தடயத்தையும் இப்படி என் கையாலேயே மூடினேன். பிறகு எங்கள் வழக்கப்படி இடது கையால் அட்டையைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தேன் என்றால், படம் பார்த்தேன்.

தொடக்கத்தில் (தொடக்கம் என்று நான் நம்பிய இடத்தில்) ஒரு நீண்ட மேசை. தகப்பன், தாய், ஒரு சின்னப் பெண், கொழுத்த பூனை, அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். பக்கங்களைத் திருப்பத் திருப்பச் சனம் குறைந்தது. தோளில் கைபோட்டு நின்ற அயலவர், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விறைப்பாகக் குனிந்து வணங்கினார்கள். அதற்குப் பிறகு முகமே தெரியாதவர்கள்போலப் பார்த்தார்கள். மடியில் கிடந்த பூனை மழைக்குள் போய்த் தனியே நின்றது. சாமான்கள் பெட்டிக்குள் போயின. பெட்டிகள் லொறிக்குள் போயின. தகப்பன் கதவைப் பூட்டிய திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்தார். முடிவில் ஒரு வெறும் வீடு, கதவு சாத்தியபடி.

நான் புத்தகத்தை மூடினேன். யப்பானில் யாரோ ஒருவர் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

சில இடங்கள் இடறத்தான் செய்தன. ஆனால் வாசகன் என்பவன் இடறிய இடத்தில் விளக்கம் கண்டுபிடிப்பவன். எல்லோருடைய நெற்றியிலும் அடிக்கடி ஒரு பெரிய துளி தொங்கியது. அது கண்ணீர். கண்ணுக்குப் பக்கத்தில் இல்லையே என்றால், கண் தாங்காத துயரம் நெற்றியால் வழிகிறது. (இந்த வசனத்தை உரையில் இரண்டு தடவை சொன்னேன்.) சிலருடைய நெற்றிப்பொட்டில் சிலுவைபோல ஒரு அடையாளம். அது காயம். இடைக்கிடை பெரிய ஆட்கள் திடீரென்று பொம்மைபோலக் குள்ளமாகி, தலை மட்டும் பெருத்துக் கத்தினார்கள். அது குழந்தைப்பருவ நினைவு. ஓரிடத்தில் தகப்பன் முதலில் நிலத்தில் விழுந்து கிடக்கிறார், அதற்கு அடுத்த கட்டத்தில்தான் சவர்க்காரக் கட்டியில் வழுக்குகிறார். விளைவு முந்தி, காரணம் பிந்தி: இது விதி.

பக்க எண்களுக்கு வருகிறேன். அவை பெரிய எண்ணில் தொடங்கி ஒன்றை நோக்கி இறங்கின. வரிசைக்காரனாகிய நான் இதைக் கவனிக்காமல் விடுவேனா? கவனித்தேன். ஒவ்வொரு பக்கமும் எதையோ இழக்கிறது, ஆகவே எண்ணும் குறைகிறது என்று விளங்கிக்கொண்டேன். இப்படி ஒரு உத்தியை உலக இலக்கியத்தில் வேறெங்கும் கண்டதில்லை என்று வியந்தேன்.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கூடத்தில், ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோம். ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி, ஒருவர் ஒரு பிறநாட்டு நூலை அறிமுகம் செய்வார். நாடுகள் ஏற்கெனவே பங்குபோடப்பட்டிருந்தன. ருஷ்யா போய்விட்டது. லத்தீன் அமெரிக்காவுக்கு இரண்டு பேர் அடிபட்டார்கள். ஆபிரிக்காவை ஒரு கணக்காளர் வைத்திருந்தார். யப்பான் வெறுமையாகக் கிடந்தது. நான் கையை உயர்த்தினேன்.

செய்தி அக்காவுக்குப் போனது. அன்றே தொலைபேசி அடித்தது.

"டேய், உன்ரை கூட்டத்துக்குத் தவமணி அன்ரியும் மகளும் வருவினம்."

"ஏன்? அவைக்கு யப்பானிய இலக்கியத்திலை ஈடுபாடோ?"

"விசரா. உன்னைப் பார்க்க வருகினம். சும்மா கூட்டம் பார்க்க வந்த மாதிரி வருவினம். நீ ஒண்டும் தெரியாதவன் மாதிரி நில்."

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "அது அவனுக்கு நடிக்கத் தேவையில்லை."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன்ரை வேலையைச் சொல்லிப் பொம்பிளை கேக்கேலாதடா. நல்லா வாசிச்ச பெடியன், நாலுபேர் இருந்து கேக்கக் கதைப்பான் எண்டுதான் சொல்லிவைச்சிருக்கிறன். அதையும் கவிழ்த்துப்போடாதை."

ஆக, அன்றைய உரையில் தொங்கியது என் கலியாணம். அன்ரியின் மகள் நளினி ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்தாள். தாயோடு சில வருடங்களுக்கு முன் வந்தவள். தகப்பன் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கொக்குவிலில் தங்கிவிட்டார். பிறகு யாழ்ப்பாணம் நடந்த அந்த இரவு. அவர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிப் பக்கம் போனார் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, பல மாதங்களாக. அக்கா இதையும் சொன்னாள். நானும் கேட்டேன். ஆனால் என் தலைக்குள் அப்போது நெற்றித்துளி மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் நௌசாத் ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தான். அந்தக் கதை யப்பானில் தொலைக்காட்சிக் காட்டூனாகவும் வந்திருக்கலாம், டவுன்டவுனில் ஒரு வீடியோக் கடையில் யப்பான் கசெற்றுகள் வாடகைக்கு இருக்கின்றன, தேடிப் பார்க்கிறேன் என்றான். நான் உறையைச் சற்று விலக்கி, முதுகிலிருந்த தலைப்பின் எழுத்துகளை ஒரு துண்டில் பார்த்துக் கீறிக்கொடுத்தேன். புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் என்னை முந்தி விளங்கிக்கொண்டுவிடுவான் என்ற பயம்.

ஞாயிறு. கூடம் நிறைந்திருந்தது. வெளியே பனி கரைந்து சேறாகி, வாசலில் சப்பாத்துகள் ஊறிக்கிடந்தன. தவமணி அன்ரி இரண்டாம் வரிசையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். பக்கத்தில் நளினி. நான் ஒன்றும் தெரியாதவன்போல மறுபக்கம் திரும்பி, கதிரையில் முட்டி, ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டேன்.

தலைமை வகித்த சபாபதி அங்கிள் என்னைக் "கீழைத்தேய இலக்கியத்தில் ஆழக் கால் பதித்தவர்" என்று அறிமுகம் செய்தார். நான் மறுக்கவில்லை.

நான் நன்றாகப் பேசினேன். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பேசியதில்லை. மேசை நிறையச் சனம் இருந்ததையும், பிறகு அயல் அந்நியமானதையும், பூனை மழையில் நின்றதையும் படம் படமாகத் தூக்கிக் காட்டினேன். நெற்றித்துளியில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பக்க எண்ணில் ஆபிரிக்கக் கணக்காளரே தலையாட்டினார். தகப்பன் பூச்சாடிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் பக்கத்தைக் காட்டியபோது பின்வரிசைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் கடைசிப் பக்கம்" என்று வெறும் வீட்டைக் காட்டினேன். "இனி இங்கை ஒருத்தரும் இல்லை."

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, திறப்பை அதிலையே வைச்சிட்டுப் போயிட்டினமோ?"

தவமணி அன்ரி எழுந்து நின்றிருந்தார்.

"ஓம் அன்ரி. பூச்சாடிக்குக் கீழை."

"அப்ப ஆரும் வந்து திறந்தால்?"

நான் புத்தகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தை நானே ஒரு தடவை பார்த்தேன். அந்தக் கூடத்திலிருந்த எல்லோரும் எங்கேயோ ஒரு திறப்பை வைத்துவிட்டு வந்தவர்கள். அன்ரி உட்கார்ந்தார். கைப்பையில் முகத்தை வைத்து அழத் தொடங்கினார். அவருக்குப் பின்னாலிருந்த ஒரு அம்மா அழுதார். பிறகு ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள்.

அக்கா ஓரமாக என்னிடம் வந்தாள். அவளுடைய கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பொம்பிளையின்ரை தாயை ஒப்பாரி வைக்கப்பண்ணத்தானோடா கூட்டம் வைச்சனீ?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நௌசாத் வந்தான், கையில் கசெற்றோடு. "ஆப்பிட்டது மச்சான்! ஆனா ஒண்டு, கடைக்காரப் பெடியன் தலைப்பைப் பார்த்திட்டுச் சிரிச்சவன்."

"துயரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவையும் இருக்கினம்" என்றேன்.

அழுகைக்கு நடுவில் எதையாவது செய்யவேண்டும் என்று சபாபதி அங்கிள் கசெற்றைப் போடச் சொன்னார். ஊரிலிருந்து வரும் கலியாணக் கசெற்றுகள் இங்கே ஓடாமல் கோடு கோடாய்ப் போகும். யப்பான் கசெற் பளிச்சென்று ஓடியது.

முதல் காட்சி வெறும் வீடு. "முடிவிலிருந்து தொடங்குகிறார்கள்" என்று நான் விளக்கினேன். பிறகு ஒரு குதூகலமான பாட்டு. லொறி ஒன்று ஆடி ஆடி வந்தது. தகப்பன் இறங்கி, பூச்சாடிக்குக் கீழேயிருந்து திறப்பை எடுத்தார். சின்னப் பெண் வீட்டுக்குள் ஓடினாள். பெட்டிகள் இறங்கின. தகப்பன் சவர்க்காரத்தில் கால்வைத்து, வழுக்கி, அதன் பிறகு விழுந்தார். எல்லோருடைய நெற்றியிலும் துளி தொங்கியது. பின்னணியில் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளையும் சிரித்தது.

நௌசாத் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். அவன் கை தன்பாட்டில் மற்ற அட்டைக்குப் போனது. சின்ன வயதில் அரபு ஓதப் பழகிய கை. வலப்பக்கத்திலிருந்து திறந்து ஒரு பக்கம் பார்த்தான், இன்னொரு பக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீ இதை எந்தப் பக்கத்தாலை திறந்தனீ?"

ஒலிவாங்கி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னுக்கு வந்தது. (வரிசையாகத்தான் வந்தது.) லத்தீன் அமெரிக்கா இரண்டும் முதல் தடவையாக ஒன்றையொன்று தோளில் தட்டிக்கொண்டன. சபாபதி அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். என் நெற்றியிலும் ஒரு பெரிய துளி வழிந்தது. அது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது: வியர்வை.

நளினி எழுந்து மேசையடிக்கு வந்தாள். அவள் என்னோடு பேசிய முதல் வசனம் இதுதான்.

"பக்க நம்பர் குறைஞ்சு குறைஞ்சு போகேக்கையும் ஒரு சந்தேகமும் வரேல்லையோ?"

"வந்தது" என்றேன். "ஆனால் அதுக்கு விளக்கம் இருந்தது."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது தெரிந்தது. அதற்குள் தவமணி அன்ரி எழுந்து வந்து புத்தகத்தை நௌசாத்தின் கையிலிருந்து வாங்கினார். சிரிப்பு அடங்கியது. அன்ரி அவன் காட்டிய பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். வெறும் வீடு. லொறி. திறப்பு. மழையில் பூனை, பிறகு அடுப்படியில் பூனை. வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து வணங்கிய அயலவர். மேசை நிறையச் சனம்.

"அப்ப உவை போகேல்லை?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை அன்ரி. நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். அவை வந்தவை."

"வந்து சேர்ந்திட்டினம்."

"ஓம்."

"பூனையும்?"

"பூனையும்."

"அதைச் சொல்லுறதை விட்டிட்டு" என்று அன்ரி சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு சவர்க்காரத்தில் தகப்பன் வழுக்கிய பக்கத்துக்குத் திரும்பிப் போய், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. மறுபடியும் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். நளினி தாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவளுடைய கண் நிறைந்தது.

மறுநாள் காலையில் காரில் நௌசாத் நெடுநேரம் என்னைப் பகிடி பண்ணினான். என் சொந்த டயரியையும் இனிக் கடைசியிலிருந்து வாசித்துப் பார்க்கச் சொன்னான், ஏதாவது நல்ல முடிவு கிடைக்கலாமாம். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு பகிடியை நிறுத்தினான்.

"அந்தத் திறப்புக் கட்டத்திலை எனக்கும் ஒரு மாதிரிப் போச்சு மச்சான்," என்றான். "கதவுக்கு வெளியாலை நிண்டு கேட்டனான். நாங்கள் போகேக்கை திறப்பைக் குடுத்திட்டுப் போகச் சொன்னவை. பூச்சாடி ஒண்டும் இல்லை."

மிசிசாகா வரும்வரை அவனே மறுபடியும் இலக்கியம் கதைத்தான்.

அக்கா கலியாணப் பேச்சைக் கைகழுவிவிட்டாள். "உனக்கு இனிப் பொம்பிளை யப்பானிலைதான் பார்க்கவேணும்" என்றாள். ஆனால் அந்தக் கிழமையே தவமணி அன்ரி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அன்ரி அக்காவிடம் சொன்னாராம்: "பெடியனுக்கு அவ்வளவு விளக்கம் காணாது. ஆனா பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுறான்." நளினி பிறகு என்னிடம் சொன்ன காரணம் வேறு. "அம்மா சிரிச்சுக் கனநாள். நீங்கள் இன்னும் என்ன என்ன புத்தகம் பிழையாய் வாசிச்சிருக்கிறியள் எண்டு பார்க்கவேணும்போலை இருந்தது."

வாசகர் வட்டம் யப்பானை என்னிடமிருந்து பறித்து நௌசாத்துக்குக் கொடுத்தது.

நளினியின் தகப்பன், என் மாமா, உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி பிந்தித்தான் வந்தது, எங்கள் கலியாணத்துக்குப் பிறகு. (கலியாணம் முதல், செய்தி பிறகு. நளினி மாற்றிச் சொல்வாள், நம்பவேண்டாம்.) வவுனியா, கொழும்பு, நளினி கையெழுத்து வைத்த பத்திரங்கள், காத்திருப்பு. தொண்ணூறுகள் முடிவதற்குள் ஒரு பின்னேரம் அவர் ரொறன்ரோவில் வந்திறங்கினார். மாமி (தவமணி அன்ரிதான்), நளினி, அக்கா, அத்தான், நௌசாத், நான் எல்லோரும் விமான நிலையத்தில் அந்தத் தானியங்கிக் கதவைப் பார்த்தபடி நின்றோம். கதவு திறக்கும், யாரோ ஒருவர் வருவார், மூடும்.

பிறகு ஒரு தடவை திறந்தபோது ஒரு முதுகு தெரிந்தது. ஒல்லியான முதுகு, தொளதொளத்த கோட். பெட்டி வண்டியின் சில்லு சுழலாமல் இறுகிவிட்டதால் அவர் அதை முன்னே தள்ளாமல், திரும்பி நின்று இழுத்துக்கொண்டு, எங்களை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

மாமிக்கு அந்த முதுகு தெரிந்துவிட்டது. "எங்கையடி போறார்?" என்றார் மெதுவாக.

நௌசாத்தான் சொன்னான். "போகேல்லை அன்ரி. மற்றப் பக்கத்தாலை பாருங்கோ."

அவர் திரும்பினார்.

மாமி ஓடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கிட்டப் போய்க் கேட்ட முதல் கேள்வி: "வீட்டைப் பூட்டினனீங்களே?" மாமா சேட்டுப் பொக்கற்றைத் தட்டிக்காட்டினார். உள்ளே ஏதோ கிலுங்கியது.

புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிறவுண் பேப்பரை நளினி என்றோ கழற்றிவிட்டாள். முன்னட்டையில் எல்லோரும் லொறிமேல் இருந்து கையசைக்கிறார்கள். நான் எந்தச் சோகக் கதையைச் சொல்லத் தொடங்கினாலும், வீட்டில் யாராவது ஒருவர் அதை எடுத்துவந்து என் முன்னால் வைப்பது வழக்கமாகிவிட்டது. இங்கேயே பிறந்த என் மகளுக்குப் புத்தகம் தேவையில்லை. கதையின் மிக முக்கியமான கட்டத்தில், என் குரல் தழுதழுக்கும் இடத்தில், தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்:

"அப்பா, ஆர் யூ ஷுவர் இதுதான் கடைசிப் பக்கம்?"